நாலரைக்குள் ஒரு படம்

ரேணுகா இடது கையை நீட்டி, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். ஆவடி பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்கும் பெரியவர் தானும் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "தூறல் போடுதாம்மா?" என்று கேட்கிறார்.

"இல்ல தாத்தா, வெயிலு எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு பாக்குறேன்."

பெரியவர் வானத்தைப் பார்க்கிறார், அவளைப் பார்க்கிறார், இரண்டடி தள்ளி நின்றுகொள்கிறார்.

உள்ளங்கையில் ஒளி எப்படி விழுகிறதோ அப்படித்தான் முகத்திலும் விழும் என்பது அவள் கணக்கு. விரல்களின் நிழல் கூர்மையாக விழுந்தால் உதட்டைப் பிதுக்குவாள்; மெத்தென்று விழுந்தால் தலையை ஆட்டிக்கொள்வாள். பூவிருந்தவல்லி பேருந்தின் ஜன்னலோரத்தில், ரேஷன் கடை வரிசையில், சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தப் பந்தியில் என்று எங்கும் இதே வேலைதான்.

மிச்சக் கணக்கு கைப்பேசியில் இருக்கிறது. சூரியனுக்கென்றே ஒரு ஆப் வைத்திருக்கிறாள். வரைபடத்தில் ஓரிடத்தைத் தொட்டால் அங்கிருந்து மஞ்சள் கோடு உதிக்கும் திசைக்கும், ஆரஞ்சுக் கோடு மறையும் திசைக்கும் ஓடும். கீழே உள்ள பட்டையை விரலால் தள்ளினால் நாளும் பொழுதும் நகரும். மேகத்துக்குத் தனி ஆப். சோற்றைப் பிசைந்துகொண்டே இடது கட்டைவிரலால் அடுத்த மாதத்துச் சூரியனை நகர்த்திக்கொண்டிருப்பாள். கம்பெனிகளில் சரக்கு ஏற்றும் அவள் அப்பா மதுரைவீரனுக்கு இதைக் கண்டால் சிரிப்பு வரும்.

"கோவில்பதாகையிலயே சூரியன போன்ல பாக்குறது நீ ஒருத்திதான். வாசலாண்ட வந்து அண்ணாந்து பாத்தா தெரியாதா?"

"இன்னிக்குள்ளது தெரியும் நைனா. தை மாசம் எங்க கீதுன்னு தெரியுமா?"

"தை மாசம் எங்க போயிடப் போவுது? மேலதான் இருக்கும்."

அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். பி.எஸ்சி. கணிதம். படித்து முடித்ததும் ஏசி அறையில் உட்காருவாள் என்று தெருவே எதிர்பார்த்தது. அவளோ ஜெகதீஷின் போட்டோ ஸ்டுடியோவில் ஆல்பம் வடிவமைக்கவும், அவுட்டோரில் வெள்ளைப் பலகையைப் பிடித்து முகத்துக்கு வெளிச்சம் திருப்பவும் சேர்ந்தாள். "படிச்ச படிப்புக்கு இதானா?" என்று யாராவது கேட்டால் உடனே பதில் சொல்லிவிடுவாள். யாரும் கேட்காதபோதுதான் பதில் வராது. பலகையைத் தூக்கிப் பிடித்து நிற்கையில், இது வேலையா ஆசையா என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். அதற்குள் ஜெகதீஷ், "ரேணு, கை எறங்குது பாரு" என்பான்.

ஒருமுறை ஆப்பை மட்டும் நம்பி அவமானப்பட்டதும் உண்டு. ஏரிக்கரையில் ஆரஞ்சுக் கோடு தண்ணீரின் மேல் அழகாக ஓடுகிறது என்று ஜெகதீஷிடம் சத்தியம் செய்தாள். பொண்ணு மாப்பிள்ளையோடு போய் நின்றால், புதிதாக எழும்பிய அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்னால் சூரியன் முன்கூட்டியே போய்விட்டிருந்தது. "ஆப்புக்கு அபார்ட்மெண்ட் தெரியாது" என்று அன்று சொன்னதை ஜெகதீஷ் இன்னும் கடைக்கு வருபவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான். அதன் பிறகு, எந்த இடமானாலும் முந்தின நாள் அதே நேரத்துக்குப் போய் உள்ளங்கையை நீட்டிவிட்டுத்தான் வருவாள்.

போன கார்த்திகையில் ஜெகதீஷ் ஒரே நாளில் இரண்டு வேலைகளை ஒப்புக்கொண்டுவிட்டான்.

"ஞாயித்துக்கெழம சாயந்தரம் அவுட்டோர் நீயே போ. நல்லா வந்துச்சுன்னா இனிமே ஞாயித்துக்கெழம அவுட்டோர் எல்லாம் உன்னுது. சொதப்புன, ஆயுசுக்கும் ஆல்பம்தான்."

நசரத்பேட்டை அடுக்குமாடியில் இருக்கும் ரோஷினிக்கும், அவளைக் கட்டப்போகும் விஷ்ணுவுக்கும் கல்யாணத்துக்கு முந்தைய படங்கள். இரண்டு பேருக்கும் ஐ.டி. வேலை, ஞாயிறை விட்டால் நாளில்லை. ரேணுகா ஏரிக்கரையின் வளைவில் ஓரிடத்தைத் தேர்ந்தாள். கார்த்திகையில் சூரியன் தெற்கே ஒதுங்கி விழும். அங்கே அபார்ட்மெண்ட் இல்லை, டவர் இல்லை, தண்ணீர் மட்டும்தான். ஐந்து மணியிலிருந்து பொன்வெயில். ஐந்தே முக்காலுக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ரோஷினியின் அம்மா சுலோசனாவிடம் நேரத்தைச் சொன்னபோதுதான் சிக்கல் புரிந்தது. அவர் கைப்பேசியிலும் ஒரு ஆப் இருந்தது. பஞ்சாங்கம்.

"ஞாயித்துக்கிழமை நாலரையிலேர்ந்து ஆறு வரைக்கும் ராகு காலம்மா. ஆறு மணிக்கு மேல எடுத்துக்கலாமே?"

"ஆறு மணிக்கு சூரியன் இருக்காது ஆன்ட்டி."

"லைட்டு போட்டுக்க முடியாதா?"

ரேணுகாவின் விரல் தன்னால் போய்ப் பட்டையை முன்னும் பின்னும் தள்ளியது. சூரியன் மசியவில்லை. காலையில் எடுக்கலாமா என்றாள். மேக்கப்புக்கு நடுராத்திரியில் எழ வேண்டும் என்றாள் ரோஷினி. கடைசியில் சுலோசனாவே வழி சொன்னார். "ஆரம்பம்தான்மா கூடாது. நாலரைக்குள்ள ஆரம்பிச்சிட்டா அப்புறம் எவ்ளோ நேரம் வேணா எடு." கணிதம் படித்தவள், ராகுவுக்கும் கேதுவுக்கும் நேரம் ஒதுக்கிக் கொடுக்கிறோமே என்று உள்ளுக்குள் கூசினாள். ஆனாலும் சரி என்றாள். அவளுக்கு வேண்டியது பொன்வெயில்.

அன்று நான்கு மணிக்கே அவள் கரையில் நின்றாள். மேக ஆப் சொன்னபடி வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஆடுகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. அந்தப் புழுதிகூட வெயிலுக்கு நல்லது. ஆட்கள்தான் வரவில்லை. நாலேகாலுக்கு மேல் ரோஷினி அழைத்தாள்.

"பருத்திப்பட்டுகிட்ட மாட்டிக்கிட்டோம் ரேணுகா. வண்டி அசையவே இல்ல. அம்மா வீட்டுக்குத் திருப்பச் சொல்றாங்க."

இன்றைய வாய்ப்பு போனால் அடுத்த ஞாயிறு ஜெகதீஷ் வந்துவிடுவான். பலகை மறுபடி அவள் கைக்கு வரும். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவளுக்கு, எதனாலோ, அம்மா முனியம்மாவின் துணிப்பை ஞாபகத்துக்கு வந்தது. ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் ராகு காலம் வந்துவிடும் என்றால், முனியம்மா முன்கூட்டியே துணிப்பையைக் கொண்டுபோய் எதிர் வீட்டில் வைத்துவிடுவாள். பை புறப்பட்டுவிட்டால் ஆளும் புறப்பட்ட மாதிரிதான். "மூட நம்பிக்கை" என்று அம்மாவோடு எத்தனையோ முறை மல்லுக்கட்டியிருக்கிறாள்.

"ஆன்ட்டிகிட்ட போன குடு ரோஷினி… ஆன்ட்டி, உங்க போன்ல அவங்க ரெண்டு பேரையும் ஒரு போட்டோ எடுங்க. இப்பவே."

"நானா? எதுக்கு?"

"எங்க அம்மா பைய எதிர் ஊட்ல வெக்கிற மாதிரி."

அந்தப் பக்கம் சுலோசனாவின் சிரிப்பு. "எங்க மாமியாரும் வைப்பாங்கம்மா! ஆனா நான் எடுத்தா நீ ஆரம்பிச்சதா ஆகுமா?"

"நான் சொல்லி நீங்க எடுக்குறீங்க. நீங்க இன்னிக்கு என் அசிஸ்டென்ட்."

"எப்படி எடுக்கணும் சொல்லு."

"வெயிலு எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம் பாக்கச் சொல்லுங்க."

"விஷ்ணு, பஃப்ஸக் கீழ வைப்பா… சரி, வைக்க வேணாம், நேரமாச்சு. இங்க பாருங்க!"

நாலரைக்குக் கொஞ்சம் முன்னால் ரேணுகாவின் கைப்பேசிக்கு அந்தப் படம் வந்து சேர்ந்தது. பாதிப் படத்தில் சுலோசனாவின் விரல். மீதியில் கன்னம் புடைத்த விஷ்ணுவும், சிரிப்பை அடக்க முடியாத ரோஷினியும். ஓரத்தில் ஒரு லாரியின் டயர்.

"சூப்பர் ஆன்ட்டி. வண்டிய நேரா உடச் சொல்லுங்க."

அவர்கள் வந்து இறங்கியபோது ஐந்து தாண்டியிருந்தது. ரேணுகா யாரையும் போஸ் கொடுக்கச் சொல்லி நேரத்தை வீணாக்கவில்லை. கையை நீட்டினாள், பார்த்தாள், இருவரையும் அந்த ஒளிக்குள் நடக்கவிட்டாள். வண்டியில் தொடங்கிய சிரிப்பு இன்னும் அடங்கியிருக்கவில்லை. அது வேலையைப் பாதியாக்கியது. ஏரித் தண்ணீர் செம்பு நிறமாகி, ரோஷினியின் கூந்தல் ஓரம் பற்றிக்கொண்ட மாதிரி மின்னியது. சுலோசனா குறுக்கே வந்து மகளின் நெற்றி முடியை ஒதுக்கினார். "ஆன்ட்டி, தள்ளுங்க" என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் கேமராப் பொத்தானை அழுத்தினாள். பிறகு சூரியன், ஆப் சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் விழுந்தது.

மறுநாள் ஜெகதீஷ் எல்லாப் படங்களையும் பார்த்தான். அம்மா முடி ஒதுக்கும் படத்தில் நின்றான், பெரிதாக்கிப் பார்த்தான். விரலும் பஃப்ஸுமாக இருந்ததைக் கண்டதும், "இது இன்னாது கருமம்?" என்றான்.

"அதான்ணா ஆல்பத்துல முதல் பக்கம். ஆன்ட்டி ஆர்டர்."

ஜெகதீஷ் யாரையும் தொடவிடாத தன் போர்ட்ரெய்ட் லென்ஸை எடுத்து அவள் பையில் போட்டான். "அடுத்த ஞாயிறு ஒரு பாப்பா ஷூட் கீது. போய்ட்டு வா."

அது இருதயராஜ் என்பவரின் பேத்திக்கு ஞானஸ்நானப் படங்கள். இடம், பூவிருந்தவல்லிப் பக்கம் ஒரு தேவாலயத்தின் பின்புறத் தோட்டம். அந்த வீட்டார் நேரம் காலம் எதுவும் கேட்கவில்லை. வெயில் தாழட்டும், குழந்தை எழட்டும் என்று நிதானமாகத்தான் இருந்தார்கள். ரேணுகா ஆப்பைப் பார்த்தாள். மேகத்தைப் பார்த்தாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கைப்பேசியில் மணியைப் பார்த்துவிட்டு, கேமராவை அவசரமாகத் தரையை நோக்கித் திருப்பி, ஒரு படம் எடுத்தாள்.

"இன்னாம்மா, செருப்ப எடுக்கிற?" என்றார் இருதயராஜ்.

"வெளிச்சம் பாக்குறேன் அங்கிள்" என்றாள் ரேணுகா. அப்போது மணி நாலரை ஆகியிருக்கவில்லை.