தார் வாடை

அந்தத் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயில் அடிவாரத்தில் அம்மா, அப்பா, அக்கா, நான் எல்லாரும் இருந்தோம். அக்காவின் பயிற்சியாளர் மட்டும் இல்லை. இருந்திருந்தால் தடுத்திருப்பார்.

இன்று காலை வேலைக்குப் போகும் வழியில் சாலைக்குத் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாடையில் எனக்கு மறுபடியும் எட்டு வயதானது.

மாரத்தானில் அக்கா மாநில அளவில் முதலாவதாக வந்தால் வெறுங்காலோடு பால்குடம் எடுப்பாள் என்று, அவளைக் கேட்காமலே அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். அக்கா ஜெயித்துவிட்டாள்.

“அடுத்த வாரம் நேஷனல் செலக்‌ஷன்மா. சப்பாத்து போட்டுக்கிறேனே.”

“ஜெயிக்க வச்சவர்கிட்டயே சப்பாத்தோட போவியாடி?”

அப்பா சிரித்தார். “நாப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடுறவளுக்கு இதெல்லாம் ஒரு தூரமா லா?”

நடுப்பகல் வெயிலில் தார் இளகிக் கிடந்தது. கூட்டம் நகரவே இல்லை. ஓடத் தெரிந்த அக்கா, குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தத் தாரின்மேல் நின்றுகொண்டே இருந்தாள். வீட்டுக்கு வந்து அம்மா அவள் பாதத்தில் மஞ்சள் பூசியபோது தோல் கையோடு வந்தது.

தேர்வு நாளில் அக்காவால் குளியலறைக்குக்கூட நடக்க முடியவில்லை. இரண்டாவதாக வந்தவளை எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு வருடம் காத்திருக்க வீட்டில் வசதியில்லை. புண் ஆறியதும் அவள் தொழிற்சாலைக்குப் போனாள். அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் பல்கலைக்கழகத்தில் படித்தேன்.

ஒரே ஒரு வெற்றிக்கு நன்றி சொல்ல, அவள் ஓடியிருக்கவேண்டிய மிச்ச ஓட்டங்கள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோம்.