பிள்ளை தலையைக் கேட்டார்கள், பெருமாள் எனக்கு வாய் கொடுத்தார்

பெருமாளை நம்பியிருக்கிற எல்லோருக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். முதல்முதலாக வக்கீல் வைக்கப் போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். நடந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

சுதந்திரம் வந்து ஆறேழு வருடம் இருக்கும். என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மகள் அப்போது சின்னப் பிள்ளை. திருப்புல்லாணிக்கு வடக்கே எங்கள் ஊர். கண்மாய்க்குக் கீழே எங்களுக்கு ஒரு வயல். அதில் விளைவதுதான் எங்களுக்குக் கஞ்சி. கருமாதி முடிந்து ஈரம் காயவில்லை, என் வீட்டுக்காரரின் அண்ணன், என் மூத்தார், அந்த வயலில் ஏர் பூட்டினார்.

"பாகம் பிரிச்சப்ப இது எனக்குத்தான் விழுந்துச்சு. தம்பி பாவம், உழுது சாப்பிடட்டும்னு விட்டு வச்சிருந்தேன்" என்றார்.

பச்சைப் பொய். அண்ணனும் தம்பியும் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்ட பாகம் அது, எழுத்து ஒன்றும் கிடையாது. அன்றைக்கு நான் அடுப்படியில் நின்று காதால் கேட்டவள். அந்த வயல் எங்களுக்குத்தான் விழுந்தது. கூட இருந்து பிரித்துக் கொடுத்த பெரியவர்கள் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை. செத்தவர்கள் எழுந்து வந்து சாட்சி சொல்லவா போகிறார்கள் என்ற தைரியம் அவருக்கு.

என் தம்பி என்னை ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலிடம் கூட்டிப் போனான். அவருக்கென்று ஓலைப்பெட்டி நிறைய முண்டு மிளகாய் வத்தல் கொண்டுபோனேன். வக்கீலிடம் போனால் என்ன நடக்கும் என்று எனக்கு என்ன தெரியும்? வைத்தியர் மாதிரி உட்காரவைத்து எங்கே வலிக்கிறது என்று கேட்பார் என்று நினைத்துப் போனேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பேசினதெல்லாம் தம்பியோடுதான். குமாஸ்தா ஒரு காகிதத்தை நீட்டினார்.

"எதுக்குய்யா இது?"

"வக்காலத்தும்மா. உனக்காக அய்யா கோர்ட்டுல பேசறதுக்கு நீ குடுக்கிற சம்மதம்."

பெருவிரலை உருட்டி வைத்தேன். என்ன பேசுவார், பேசுவதற்கு முன்னால் என்னைக் கேட்பாரா என்று கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. "நான் பாத்துக்கிறேன், நீ போம்மா" என்றார் வக்கீல். அவரையும் ஒரு சாமியாக நினைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வாய்தா, வாய்தா, வாய்தா. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் கிடப்பேன். பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். உள்ளே இங்கிலீஷில் ஏதோ பேசுவார்கள். வெளியே வந்து குமாஸ்தா, "அடுத்த மாசம் வா" என்பார். அங்கே உட்கார்ந்திருக்கிற பாதிப் பேருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது.

ஆனி மாதத்தில் ஒரு வாய்தா. மூத்தாருடைய வக்கீல் எழுந்து ஏதோ சொன்னார். என் வக்கீலும் எழுந்து இரண்டு வார்த்தை சொல்லித் தலையை ஆட்டினார். வெளியே வந்த குமாஸ்தா முகமெல்லாம் சிரிப்பு.

"கேசு முடியப்போகுதும்மா. திருப்புல்லாணிக் கோயில்ல, வயல் உன்னுதுதான்னு நீ சத்தியம் பண்ணிட்டாப் போதும், கட்டுப்படுறோம்னு அந்தப் பக்கம் ஒத்துக்கிட்டாங்க. உன் மக தலையில கை வச்சுப் பண்ணணுமாம். அய்யா சரின்னுட்டாரு."

பிள்ளையை இடுப்போடு இறுக்கிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் பொய்ச் சத்தியம் மட்டும் இல்லை, மெய்ச் சத்தியமும் காவு வாங்கும் என்பார்கள். எந்தத் தலைமேல் கை வைத்தோமோ அந்தத் தலைக்கு ஆகாது. இது மூத்தாருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார். ஒற்றைப் பிள்ளைக்காரி, உயிர் போனாலும் செய்யமாட்டாள், வயல் தானாக வந்துவிடும் என்று திட்டம் போட்டார். சொந்தத் தம்பி பெற்ற பிள்ளை. இவரே தோளில் தூக்கிவைத்துத் தேர் காட்டின பிள்ளை. மனுசனா அவர்?

நேரே வக்கீலிடம் போனேன்.

"என்னையக் கேக்காம எப்படிய்யா சரின்னீக?"

"ஏம்மா, நீ சொல்றது உண்மைதானே?"

"உண்மைதான்யா."

"அப்புறம் என்ன பயம்? சத்தியத்தைப் பண்ணிட்டு வயலை எடுத்துக்கோ."

"உங்க பிள்ளை தலையில கை வச்சுப் பண்ணட்டுமாய்யா?"

அவர் முகம் கறுத்துவிட்டது. "கூட்டிட்டுப் போப்பா உங்க அக்காவை" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வழியில் தம்பியும், "வயலு போனாப் போகுதுக்கா, பிள்ளை வேணும்" என்றான். ஊரிலும் அதே பேச்சுத்தான். வயலை விட்டால் பிள்ளைக்குக் கஞ்சி இல்லை. சத்தியம் செய்தால் பிள்ளையே இல்லாமல் போகும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாய்தாவுக்கு முந்தின சனிக்கிழமை திருப்புல்லாணிக்குப் போனேன். கும்பிடப் போகவில்லை. சண்டை போடத்தான் போனேன். பல வருடம் பிள்ளையில்லாமல் இருந்து, அந்தக் கோயில் பாயசத்தைக் குடித்துப் பெற்ற மகள் அவள். தர்ப்பைப் புல்லில் படுத்திருக்கிற ராமர் சன்னிதி முன்னால் நின்றேன்.

"குடுத்தவன் நீ. உன் முன்னாலயே அவ தலையைப் பணயம் வைக்கச் சொல்றாங்க. நீ பாட்டுக்குப் புல்லுல படுத்துக் கிடக்க. உனக்குக் கண்ணு இருக்கா, இல்லையா?"

வாயில் வந்ததையெல்லாம் வைதேன். பக்கத்தில் நின்றவர்கள் விலகிப் போனார்கள். அழுது ஓய்ந்தபோது சுரீரென்று ஒன்று உறைத்தது. உலகத்தை ஆள்கிறவனை நாக்குக் கூசாமல் வைகிறேன். கருப்புக் கோட்டைக் கண்டால் மட்டும் எனக்கு ஏன் வாய் அடைத்துப் போகிறது? அசரீரி ஒன்றும் கேட்கவில்லை, பூவும் விழவில்லை. அந்த ஒரு கேள்விதான் வந்தது. என் புத்திக்கு அது எட்டுமா? பெருமாள்தான் கொடுத்தார்.

வாய்தா அன்று பெயரைக் கூப்பிட்டதும் வக்கீலுக்கு முன்னால் நான் எழுந்துவிட்டேன். மூத்தார் இருக்கிற இடத்தில் அதுவரை தலை நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசினவள் இல்லை. கோர்ட்டுச் சேவகன் டவாலி, "உக்காரும்மா" என்று அதட்டினான். நான் உட்காரவில்லை. மேலே உட்கார்ந்திருந்த ஜட்ஜு, முன்சீப், "சொல்லட்டும்" என்றார்.

"அய்யா, கேசு எனக்கும் இவருக்கும். என் மக என்னய்யா பண்ணுனா? அவ தலையை எதுக்கு நடுவுல இழுக்கிறீக? சத்தியத்துக்கு நான் பயப்படலை. எனக்கு என்ன வந்தாலும் வரட்டும்னு ஈரச்சேலையோட பண்ணுறேன். பிள்ளை தலையில மட்டும் கை வைக்க மாட்டேன்."

முன்சீப் என் வக்கீலை ஒரு பார்வை பார்த்தார். "கோயிலில் சத்தியம் என்றுதான் என்னிடம் சொன்னீர்கள். குழந்தை தலையில் என்று சொல்லவில்லையே. மூன்றாவது ஆளுக்குக் கேடு வருகிற மாதிரியான சத்தியத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று உங்களுக்குத் தெரியாதா?" என்று எல்லோருக்கும் புரியும்படி தமிழிலேயே கேட்டார். வக்கீல் கையிலிருந்த கட்டைப் புரட்ட ஆரம்பித்தார்.

சட்டத்திலேயே இருந்திருக்கிறது. அந்த மனுசன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஏன் அன்னம் தண்ணி இல்லாமல் சாகிறேன்? தெரியாமல் இருந்தாரா, தெரிந்தும் சோம்பலில் விட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. எதுவானாலும் நான் மன்னிக்கவில்லை. பெருமாள் மன்னித்தால் அது அவர் பாடு.

அந்த அம்மாள் தன்பேரில் மட்டும் செய்கிற சத்தியத்துக்குக் கட்டுப்படுகிறாயா என்று முன்சீப் மூத்தாரைக் கேட்டார். பிள்ளை தலை இல்லையென்றால் வேண்டாம் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டினார்.

கோர்ட்டு அனுப்பின ஆள் பார்த்து நிற்க, கோயில் குளமான சக்கரதீர்த்தத்தில் முழுகி, ஈரச்சேலையோடு வந்து, கோயிலில் சூடத்தை ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்தேன். உள்ளது உள்ளபடி சொன்னேன். வயல் எனக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் மகளை மடியில் இழுத்து வைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்தேன். குமாஸ்தா அந்த வார்த்தையைச் சொன்ன நாளிலிருந்து அவள் தலையில் நான் கை வைக்கவே இல்லை, என் தம்பி பெண்டாட்டிதான் சீவிவிட்டாள். அன்றைக்கு நானே கை வைத்தேன். வெகுநேரம் தேய்த்துக்கொண்டே அழுதேன்.

மெய்ச் சத்தியம் என்னைக் காவு வாங்கும் என்று ஊர் ஒரு வருடம் பார்த்தது. கல்லுக்குண்டாக இருக்கிறேன். இப்போது ஊரில் எவள் கோர்ட்டுக்குப் போனாலும் நானும் கூடப் போகிறேன். பெருமாளை நம்புங்கள். தேவைப்பட்டால் வக்கீலும் வையுங்கள், அதில் தப்பில்லை. கை நாட்டு வைப்பதற்கு முன்னால், "என்னைக் கேக்காம எதுக்கும் சரின்னு சொல்லாதீக" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வையுங்கள். உள்ளே என்ன பேசினீக என்று ஒவ்வொரு வாய்தாவுக்கும் கேளுங்கள். வாய் எழவில்லை என்றால் பெருமாளிடம் போய்ச் சண்டை போடுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் மகள்தான். பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்கு வந்துவிட்டாள். பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

"ஆத்தா, சாமி காரியம் எழுதுறப்ப அந்த வக்கீல இம்புட்டு வையணுமா?"

"எழுதுடி" என்றேன்.