ரவுண்டானாவுக்குள் சிவப்பு விளக்கு

2006 அக்டோபர், ஒரு சனிக்கிழமை. மேல்வீட்டு வதனி அக்கா கதவைத் தட்டினார். "பிள்ளை, டாக்சி வரேல்லை. உன்ர காரில ஏர்போட்டுக்குக் கொண்டுபோய் விடுறியா?"

ஐந்து வருடங்களுக்குப் பிறகு அவர் கணவர் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறார். விமான நிலையத்தில் வருகைக் கதவு திறந்ததும் முதலில் தன் முகம்தான் தெரியும் என்று அக்கா போனில் சொல்லியிருந்தாராம். எனக்கு லைசென்ஸ் கிடைத்து மூன்று வாரம். பட்டம் வாங்கியதிலும் கார் ஓட்டியதிலும் எங்கள் வீட்டில் நான்தான் முதல் ஆள். சந்தேகம் கேட்க யாருமில்லை. மறுக்கவும் தெரியவில்லை.

எங்கள் வீடு இருந்த கோட்-தெ-நேஜிலிருந்து விமான நிலையம் சுமார் 16 கிலோமீட்டர். விமானம் 2:15க்கு இறங்குகிறது. நாங்கள் கிளம்பியபோது 2:20. சோதனைகள் முடிந்து அவர் வெளியே வர ஒரு மணி நேரமாகும் என்பது எங்கள் கணக்கு.

விமான நிலையத்துக்குச் சற்று முன்னால் வரும் டோர்வல் ரவுண்டானாவில் தடுமாறிவிட்டேன். நுழையுமிடத்தில் ஒரு சிக்னல், வட்டத்துக்குள் இன்னொன்று. இடப்பக்கம் வருகிறவர்களுக்கு வழிவிட வேண்டும் என்று வகுப்பில் படித்ததை நம்பிப் பச்சையிலும் நின்றேன். இடப்பக்க வண்டிகளோ தங்கள் சிவப்பில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. பின்னால் ஒரே ஹார்ன்.

"எடு, எடு பிள்ளை!"

"வழி விடணுமே அக்கா?"

"லைற் இருக்கிற இடத்தில லைற்றைக் கேள், ஆக்களைக் கேக்காதை. நாலு வருசமா வேலைக்கு இதாலதான் பஸ்ஸில போறன். இப்ப உள்ளுக்க சிவப்பு விழும், நில்லு."

சொன்னபடியே விழுந்தது. ஆனால் லேன் மாறப் பயந்து, விமான நிலையத்துக்குத் திரும்பும் வழியைத் தவறவிட்டேன். மணி 2:55. அழுகை வந்தது. அக்கா கைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரத் தொடங்கினார்.

"சுத்து. ஐஞ்சு வருசம் பாத்திட்டன், ஒரு சுத்தில என்ன?"

3:10க்குப் போய்ச் சேர்ந்தோம். அவர் வெளியே வந்தது 3:25க்கு. அக்கா கம்பியோரம் முன்னால் நின்றார். பார்க்கிங் பன்னிரண்டு டாலர்.

புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு: திரும்ப வேண்டிய வழியை வரைபடத்தில் முதலிலேயே பார்த்துவிடுங்கள். உள்ளே வந்துவிட்டோம் என்று இரண்டாவது சிக்னலை மறக்காதீர்கள். தவறவிட்டால் இன்னொரு சுற்று, அவ்வளவுதான்.

திரும்பும்போதும் அதே சிவப்பில் நின்றோம். பின் இருக்கையில் அக்கா கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை விழுந்தது. வரும்போது சொன்னதுபோல அக்கா "எடு" என்று சொல்வார் எனக் காத்திருந்தேன். சொல்லவில்லை. பின்னாலிருந்து ஹார்ன் வந்த பிறகு நானே எடுத்தேன்.