முழுசா மூடு

துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கும் என் கணவர், என்னைக் கேட்காமலேயே வீட்டிலிருந்த ஒரே லேப்டாப்பை இரண்டாகப் பிரித்துவிட்டார். எனக்கு விண்டோஸ் பக்கம், அவருக்கு லினக்ஸ் பக்கம். நடுவில் இரண்டு பேரும் புழங்க 'பொது' என்று ஒரு பகுதி. சொத்தைப் பிரிக்கிறவர்கள்கூட ஒரு கையெழுத்துக் கேட்பார்கள். எனக்கு வந்ததே கோபம்!

"மன்னிப்புக் கேக்கிற வரைக்கும் என்கிட்ட வாயால பேசக் கூடாது. எதுனாலும் பொதுவுல எழுதிப் போடுங்க" என்றேன். "சரி" என்று வாயை மூடியவர்தான்.

தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் ஒரு கடிதம் எழுதிப் போடுவேன். சாயங்காலம் அவர் உட்கார்ந்து படிப்பார், எதையோ தட்டுவார். மறுநாள் பார்த்தால் பொதுவில் என் கடிதம் மட்டும்தான் இருக்கும், பதில் இருக்காது. "சனிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் சாத்தான்குளத்துக்கு, அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறுவேன்" என்றும் எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. இவருக்கு நான் வேண்டாமோ என்று பயமே வந்துவிட்டது.

வியாழக்கிழமை அவர் அக்கா போன் பண்ணினார். "ஏளா, உங்களுக்குள்ள என்ன? உன்ன முழுசா மூடச் சொல்லுதான். பாதி மூடினாப் பத்தாதாம்."

பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற வாய் இது. மூடணுமாம்! அன்றைய கடிதம் நான்கு பக்கம் போனது.

சனிக்கிழமை பையைக் கட்டி வைத்துவிட்டு, கடைசிக் கடிதம் எழுத லேப்டாப்பைத் திறந்தேன். விண்டோஸா லினக்ஸா என்று கறுப்புத் திரை கேட்கும்போது நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நான் எதையும் அமுக்காததால் அது பாட்டுக்கு அவர் பக்கம் திறந்துகொண்டது. என் பக்கத்துக்கு நான் பாஸ்வேர்டு போட்டிருந்தேன். அவர் பக்கத்துக்கு எதுவும் இல்லை.

அங்கே 'பதில்' என்று ஒரு ஃபோல்டர். என் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பதில் இருந்தது.

"ஏளா, கேக்காமப் பிரிச்சது தப்புதான். மன்னிச்சுக்கோ. நீ ஷட் டவுன் குடுத்தாலும் உன் விண்டோஸ் முழுசா மூடாம அரைத் தூக்கத்துல பொதுவப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கு. என்னயப் படிக்கத்தான் விடுது, எழுத விடல. இங்கன எழுதி வைக்கேன். உன் பக்கத்துல இருந்து இது தெரியாது. ஷிஃப்ட அமுக்கிக்கிட்டு ஷட் டவுன் குடு. இத உன்கிட்ட எப்படிச் சொல்ல?"

கடைசிப் பதில்: "பேப்பர்ல எழுதலாம்னு பாத்தேன். நீ பொதுவுலன்னுதான சொன்ன."

விண்டோஸுக்குப் போய், ஷிஃப்டை அமுக்கிக்கொண்டு மூடினேன். அடுப்படியில் அவர் டீ கிளாஸோடு என் பையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று கத்தினேன்.

"முழுசா மூடிட்டியா?" என்றார்.

"மூடிட்டேன்" என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.