பாயிடம் மாற்றிக்கொண்ட சீட்டு

எனக்குப் பயம் வந்தால் விக்கல் வரும். மற்றவர்களுக்கு வியர்க்கும், கை நடுங்கும். அதெல்லாம் கௌரவமான பயம். எனக்கு மட்டும் நடுச்சபையில் தவளை கத்தின மாதிரி ஒரு சத்தம். அதை மறைக்கத்தான் ஜோக் அடிக்கப் பழகினேன். ஒரு விக்கலுக்கும் அடுத்த விக்கலுக்கும் நடுவில் சொல்லி முடித்துவிடக்கூடிய சின்னச் சின்ன ஜோக். ஸ்ரீரங்கத்தில் என்னைத் தமாஷ் பேர்வழி என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இந்த ரகசியம் தெரியாது. நான் தமாஷாக இருந்த நேரமெல்லாம் பயந்துகொண்டிருந்த நேரம்.

சீனா சண்டை ஓய்ந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கு வயது நாற்பத்து மூன்று. திருச்சியில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. மனைவி போய் ஆறு வருஷம். சித்திரை வீதியில் நாலு குடித்தனம் இருந்த வீட்டில் ஒரு போர்ஷன்: இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, நான், என் மகள். அவள் அந்த வருஷம்தான் பி.யூ.சி. முடித்திருந்தாள்.

எங்கள் வீட்டிலிருந்து எட்டு வீடு தள்ளி ஒரு வாசகசாலை. அதன் மாடியில் ஞாயிறு சாயங்காலம் நாலரை மணிக்கு விவாத சபை கூடும். செயலாளர் ஒரு ரிட்டையர்ட் வாத்தியார். திருமண் பளிச்சென்று துலங்க, கையில் ஒரு காலி மூக்குப்பொடி டப்பாவோடு வருவார். டப்பாவில் மடித்த சீட்டுகள் இருக்கும். பாதிச் சீட்டில் ‘ஆம்’, பாதியில் ‘இல்லை’. யாருக்கு எது வருகிறதோ அந்தப் பக்கம்தான் பேச வேண்டும்.

“சொந்த அபிப்பிராயத்தை எல்லாரும் ஆத்துலயே வெச்சுட்டு வாங்கோ. இங்கே சீட்டுதான் பேசணும்” என்பார்.

முன்னொரு காலத்தில் மதுவிலக்கைப் பற்றிப் பேசப்போய் இரண்டு வக்கீல்கள் எட்டு மாதம் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்காமல் இருந்தார்களாம். அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். சபை முடிந்து தெருவில் யாரையாவது பார்த்தால், “நிஜமாவே அப்படி நினைக்கறீங்களா?” என்று கேட்பது மரியாதைக் குறைவு. “சீட்டுல என்ன வந்துச்சு?” என்றுதான் கேட்க வேண்டும். அவர் இன்ன சீட்டு என்பார். விஷயம் அதோடு முடிந்தது.

சபையில் எனக்கு ஒரே சிநேகிதர் பாய். திருச்சி பெரிய கடைவீதியில் குடையும் டிரங்குப் பெட்டியும் விற்கிறவர். நாலாவது பாரத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்திவிட்டுத் தகப்பனார் கடையில் உட்கார்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காவிரிப் பாலம் தாண்டி சைக்கிளில் வருவார். வேலையில்லாத் திண்டாட்டம் தீர அரசாங்கம் கடன் வாங்கியாவது செலவு செய்ய வேண்டுமா என்று ஒரு வாரம் தலைப்பு வந்தது. பாய்க்கு ‘ஆம்’. எழுந்து நின்றார்.

“மழை பெஞ்சா குடை விக்கும்னு நெனைக்கிறீங்க. இல்லைங்க. ஜனங்க கையில காசு இருந்தாத்தான் விக்கும். காசு இல்லாதவன் மழையில நனைஞ்சுக்கிட்டே என் கடையைப் பாத்துட்டுப் போறான். சர்க்கார் ரோடு போடட்டும், அணை கட்டட்டும், அவனுக்குக் கூலி குடுக்கட்டும். அவன் எங்கிட்ட வருவான்.” உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு ‘இல்லை’. சர்க்கார் நோட்டடிக்கிற சேதி எனக்குத் தெரிவதற்கு முந்தி கத்திரிக்காய்காரிக்குத் தெரிந்துவிடுகிறது, புது நோட்டு என் பைக்கு வந்து சேரும்போது அவள் விலையை ஏற்றி முடித்திருக்கிறாள் என்றேன். விக்கல் மூன்று. சிரிப்பு ஐந்தாறு. வெற்றி எனக்கு. பாய் சொன்னதுதான் சரி என்று எனக்கு அப்போதே தெரியும்.

அடுத்த மாதம், பட்டாளத்துக்கு முதல் பணமா அரிசிக்கு முதல் பணமா என்று தலைப்பு. பாய்க்கு அரிசி வந்தது, பேசினார். இறங்கும்போது மாடிப்படியில் புதிதாக வந்த ஓர் ஆசாமி அவரை மறித்து, “அப்ப பட்டாளம் வேணாங்கறீங்க?” என்றான். கேட்ட விதம் நன்றாக இல்லை. எனக்கு விக்கல் ஆரம்பித்துவிட்டது. பாய் அமைதியாக, “சீட்டுல அரிசி வந்துச்சுங்க” என்றார். பின்னால் வந்த செயலாளர், “சீட்டுங்காணும், சீட்டு. நகரும்” என்று அந்த ஆளை நகர்த்தினார். பாய் வீட்டம்மா தன் வளையலைக் கழற்றி யுத்த நிதிக்குக் கொடுத்த அதே வாரம் அது. பாய் அதைச் சொல்லவில்லை. சீட்டு போதும் என்று விட்டுவிட்டார்.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மகளுக்குக் கடிதம் வந்தது. மதுரையில் டாக்டருக்குப் படிக்க இடம். ஹாஸ்டலில்தான் இருக்க வேண்டும். சம்மதம் என்று தகப்பன் கையெழுத்துப் போட்டு, மறு புதன்கிழமைக்குள் போய்ச் சேர அனுப்ப வேண்டும். கடிதத்தைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நான், “பேஷ், இனிமே எனக்கு ஊசி இலவசம்” என்று சொல்லி ரேடியோவுக்கு அடியில் வைத்தேன். அவள் சிரித்தாள். காத்திருந்தாள்.

ஐந்து நாள் அந்தக் கடிதத்தின் மேல் ரேடியோ உட்கார்ந்திருந்தது. சாப்பிடும்போது பேச்சை எடுக்க வருவாள். நான் ஒரு ஜோக் போடுவேன். எனக்கு இருந்த ஆட்சேபம் ஒன்றே ஒன்றுதான், அதை வெளியில் சொல்ல முடியாது. அவள் போய்விட்டால் அந்த இரண்டு அறையில் யார் இருப்பார்கள்? சாயங்காலம் நான் பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே போக வேண்டும். அந்த வயது வரைக்கும் யாராவது உள்ளேயிருந்து திறந்துவிட்ட வீட்டில்தான் நான் நுழைந்திருக்கிறேன். அம்மா, அப்புறம் மனைவி, அப்புறம் இவள்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் தலைப்பு: ‘கல்லூரிப் படிப்பு வாழ்க்கைக்கு உதவுமா?’ எனக்காக யாரும் போட்ட தலைப்பு அல்ல. போன மாதமே பலகையில் எழுதியாயிற்று. ஆனால் அன்றைக்கு ஒரு விசேஷம். யுத்த நிதிக்கு இன்னும் வசூல் செய்யலாம் என்று செயலாளர் மைக் செட் வாடகைக்கு எடுத்திருந்தார். மாடிக் கைப்பிடிச் சுவரில் தெருவைப் பார்த்து ஒரு கூம்பு ஸ்பீக்கர். உள்ளே நாற்காலி இழுக்கிற சத்தம். மேஜைமேல் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் மைக் படுத்திருந்தது. செயலாளர் மைக்காரனோடு மூலையில் பெட்டியைத் திருகிக்கொண்டிருந்தார்.

நான் என் சீட்டை எடுத்துப் பிரித்தேன். ‘ஆம்.’

விக்கல் வந்தது. ‘ஆம்’ என்று கால் மணி நேரம் வாய் நிறையப் பேசிவிட்டு, வீட்டுக்குப் போய் ரேடியோவைத் தூக்காமல் இருக்க முடியுமா? பாய் தன் சீட்டைப் பிரித்துப் பார்த்து முகம் சுருங்கி நின்றார். ‘இல்லை.’

“பாய், மாத்திக்கலாமா?”

“தப்பில்லையா? அவர் பாத்துட்டா?”

“அவர் மைக்காரனைப் பாத்துக்கிட்டிருக்கார். குடுங்க.”

பாய் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. எனக்கு உபகாரம் செய்த திருப்தி வேறு. மேஜையோரமாகக் குனிந்து சீட்டை மாற்றிக்கொண்டோம்.

அன்றைக்கு நான் பேசினது மாதிரி என்றைக்கும் பேசினதில்லை. “நான் பி.ஏ. பொருளாதாரம். பத்தொன்பது வருஷமாக ‘இணைத்துள்ள கடிதத்தைப் பார்க்கவும்’ என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். இணைப்பதற்குக் குண்டூசி போதும், பி.ஏ. எதற்கு? காலேஜில் எனக்கு உலக வர்த்தகம் சொல்லிக்கொடுத்தார்கள். பால் பொங்கினால் அடுப்பை அணைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை.” விக்கல் ஏழு. ஒவ்வொன்றும் ஸ்பீக்கரில் தெரு முழுக்கப் போயிற்று, அதற்கும் சிரித்தார்கள். கடைசியாக, “படிக்கிறவர்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள். படிப்பு எங்கே உதவுகிறது? ரயில்வேக்குத்தான் உதவுகிறது” என்றேன். அதற்குத்தான் பெரிய கைதட்டல். அது ஜோக் இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும்.

அப்புறம் பாய் எழுந்தார். என்னைப் பார்த்தே பேசினார்.

“எனக்கு இங்கிலீஷ்ல கடிதாசு வந்தா இவர்கிட்டத்தான் எடுத்துட்டு வருவேன். நல்ல மனுஷர். ஆனா முதல்ல ஒரு ஜோக் சொல்லிட்டுத்தான் படிப்பார். எனக்கோ உள்ள பதறும். கம்பெனிக்காரன் சரக்கு இல்லேன்னுட்டானா, கேஸ் போட்டுட்டானான்னு தெரியாது. அந்த ஜோக் முடியற வரைக்கும் என் பொழப்பு நிக்கும். நானே படிச்சிருந்தா அவர் ஜோக்குக்கு நானும் சிரிச்சிருப்பேன். அவ்வளவுதாங்க.”

யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் கைதூக்கச் சொன்னபோது எனக்குத்தான் அதிகம் கை எழுந்தது.

தெருவில் இறங்கின பிறகுதான் கூம்பு ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தேன். அது நேராக எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. எட்டு வீட்டைக் கடக்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. வழியில் ஒரு பெட்டிக்கடையில் வேண்டாத சோடா ஒன்று குடித்தேன். கடைக்காரர் பிரமாதம் என்றார்.

மகள் கதவைத் திறந்தாள். கையில் தண்ணீர்ச் செம்பு. “ஏழு விக்கல்” என்றாள். “எண்ணிட்டிருந்தேன்.”

குடித்தேன். அவள் தட்டு வைத்து, தோசை போட்டு, எதிரே உட்கார்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் ஏதாவது கோமாளித்தனம் செய்து தப்பித்திருப்பேன்.

“நல்லா பேசினீங்கப்பா. நானும் சிரிச்சேன்.”

“ம்.”

“சீட்டுல என்ன வந்துச்சு?”

சபையில் கேட்கிற கேள்வி. சபையில் கேட்கிற அதே மரியாதையோடு கேட்டாள். நானாகக் கேட்டு வாங்கிப் பேசினேன் என்று சொன்னால், அவ்வளவும் என் அபிப்பிராயம் ஆகிவிடும். என் மகள் முகத்துக்கு நேரே அதை ஒப்புக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

“சீட்டுல ‘இல்லை’ன்னு வந்துச்சும்மா. சீட்டுதானே பேசுது. நமக்கென்ன?”

“அப்ப சரி” என்றாள்.

எழுந்துபோய் ரேடியோவைத் தூக்கி, அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பேனாவைத் திறந்து கொடுத்தாள். எச்சில் கை என்றேன். கழுவிட்டு வாங்க, நான் இங்கேதான் இருக்கேன் என்றாள். கழுவினேன். இரண்டு தடவை கழுவினேன். எட்டாவது விக்கலோடு கையெழுத்துப் போட்டேன்; கடைசி எழுத்து துள்ளிக் கோட்டைத் தாண்டிப் போயிற்று. இன்றைக்கும் ஏதோ ஒரு பீரோவில் அந்த விக்கல் இருக்கும்.

பாய் டிரங்குப் பெட்டி கொண்டுவந்தார், பச்சை நிறத்தில், பூட்டோடு. விலை கேட்டேன். “டாக்டர் ஆகி வந்து என் முழங்கால் வலியைப் பாக்கட்டும்” என்றார்.

மதுரைக்கு நான்தான் கூட்டிக்கொண்டுபோய் விட்டேன். ஹாஸ்டல் வாசலில் எல்லாத் தகப்பன்களும் மகள்களிடம் ஏதோ உருப்படியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான், “மெஸ்ல தோசை நல்லா இல்லைன்னா விவாதத்துல ஜெயிச்சது நான்தான்” என்றேன். அவள் சிரித்து, பெட்டியை ஒரு கையால் தூக்க முடியாமல் இரண்டு கையால் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ரயிலில் திரும்பும்போது வையம்பட்டி வந்தது. நான் பிறந்து வளர்ந்த பக்கம். வண்டி அங்கே நிற்கிற சொற்ப நேரத்தில் யாராவது தெரிந்த முகம் ஏறும் என்று பார்த்தேன். ஏறவில்லை. மணப்பாறையில் பழக்கதோஷத்தில் இரண்டு பொட்டலம் முறுக்கு வாங்கினேன். திருச்சியில் இறங்கி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, முறுக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பூட்டைத் திறந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்துப் போர்ஷன் அம்மா ஒரு கிண்ணத்தில் ரசம் கொண்டுவந்தார். என்னைவிட மூத்தவர், கணவரும் பிள்ளைகளுமாகக் கலகலவென்று இருக்கிற குடித்தனம். வாசல்படியில் நின்றபடி சொன்னார்.

“எப்படித்தான் மனசு வந்து அனுப்பிச்சீங்களோ. அன்னிக்கு ஸ்பீக்கர்ல உங்க குரலைக் கேட்டப்ப, அனுப்ப மாட்டீங்கன்னுதான் நெனைச்சேன்.”

“அது சீட்டும்மா. சீட்டு பேசினது.”

“சீட்டை மாத்திக்கலாமான்னு பாய்கிட்ட நீங்க கேட்டதும் ஸ்பீக்கர்ல வந்துச்சே” என்றார் சாதாரணமாக. “உங்க பொண்ணும் நானும் வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டிருந்தோம். ‘குடுங்க, குடுங்க’ன்னு அவசரப்படுத்தினீங்களே. நான் சிரிச்சேன். அவ உள்ள போய் அடுப்பை மூட்டினா.”

ரசக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். விக்கல் வரும் என்று நின்றேன். வரவில்லை. பயப்பட வேண்டியதெல்லாம் நடந்து முடிந்துவிட்டது போல.

எல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறாள். நான் என்ன பொய் சொல்லுவேன் என்றும் தெரிந்துதான் கேட்டிருக்கிறாள். என்னை எனக்குத் தெரிந்ததைவிட அவளுக்குத் தெரியும் போலிருக்கிறது. அந்த ஒருத்தியைத்தான் ரயிலேற்றிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ரசத்தை நின்றபடியே குடித்தேன். உட்கார்ந்தால் எதிர்ப்பக்கம் காலியாக இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகவில்லை. அதற்கடுத்த வாரம் அவள் கடிதம் வந்தது. தோசை நன்றாகத்தான் இருக்கிறதாம், நான் தோற்றேனாம். எலும்புகளின் பெயர்கள் வாயில் நுழையவில்லையாம். கடைசி வரி: ‘இந்த வாரம் சீட்டில் என்ன வந்தது?’

பதில் எழுத உட்கார்ந்தேன். முதலில் ஒரு ஜோக் எழுதினேன். பாய் அன்றைக்குப் பேசினது ஞாபகம் வந்தது, அதை அடித்துவிட்டேன். ‘அன்றைக்கு எனக்கு வந்தது ஆம்’ என்று எழுதி, காகிதத்தின் மிச்ச இடத்தைக் காலியாகவே விட்டு, மடித்து ஒட்டினேன்.