தாளகுப்பாவுக்குப் போன சின்னத்தாயி

ஸ்ரீராம்புரத்துச் சின்னத்தாயி ஆயுசில் ஒரே ஒரு தரம்தான் தூர ரயில் ஏறினாள். அதுவும் மகளைக் கொண்டுபோய் விடுவதற்காக.

கார்ப்பரேஷனில் தெருக் கூட்டும் வேலை அவளுக்கு. பொழுது வெளுப்பதற்குள் மல்லேஸ்வரம் போய்ச் சேர வேண்டும். புருஷன் முனிராஜ் பஞ்சாலையில் இருந்தவன். நெஞ்சில் பஞ்சுத் தூசி அடைத்து, இருமி இருமியே போய்விட்டான். தங்கவயல் பக்கம் பௌத்த சங்கத்தோடு பழக்கம் வைத்திருந்த அவன்தான் மகளுக்கு மாயாதேவி என்று பெயரிட்டான். அவன் விட்டுப் போனதில் உருப்படியானது அந்தப் பெயர் ஒன்றுதான் என்று சின்னத்தாயி சொல்வதுண்டு.

மாயா கன்னடப் பள்ளியில் படித்து, டீச்சர் ட்ரெய்னிங்கும் முடித்தாள். ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஜூன் மாதம் முதல் வேலை கிடைத்தது. ஊர் தாளகுப்பா. மலைநாட்டில் ரயில் பாதை முடிகிற இடம். ஜோக் அருவி பார்க்கப் போகிறவர்கள் அங்கே இறங்குவார்களாம். சந்துக்காரர்கள், சின்னத்தாயிக்கு அருவி பார்க்கும் யோகம் வந்துவிட்டது என்று கேலி பேசினார்கள். அவளுக்கோ, ஒற்றைப் பெண்ணாக மகள் அந்த ஊரில் எங்கே தங்குவாள் என்ற கவலை.

சிட்டி ஸ்டேஷனில் ஏறிய மூன்றாம் வகுப்புப் பெட்டியில் உட்காரத்தான் இடம் கிடைத்தது. இரவு முழுக்க டிரங்குப் பெட்டியைக் காலால் அணைத்தபடி விழித்தே இருந்தாள். பீரூரில் வேறு வண்டி மாறினார்கள். அங்கேதான் எதிர்ப் பலகையில் அந்த அம்மாள் வந்து உட்கார்ந்தாள். பெயர் அலர்மேல்மங்கை. கணவர் சீனிவாசராகவனுக்குத் தாளகுப்பாவில் காட்டு இலாகா வேலை. தாயும் மகளும் தமிழ் பேசுவதைக் கேட்டதும் அந்த அம்மாளுக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. அந்த மழைக்காட்டில் தமிழ் பேச நாதியில்லை, நாக்கே மறந்துபோகிறது என்றாள். மாயாவைப் பார்த்து, பெயர் லட்சணமாக இருக்கிறது என்றாள். பிறகு சின்னத்தாயியின் பக்கம் திரும்பினாள்.

"இவ யாரு, கூட வந்திருக்கா?"

மாயா வாயைத் திறப்பதற்குள் சின்னத்தாயி முந்திக்கொண்டாள்.

"நான் இவங்க வூட்ல வேலை செய்யறவம்மா. இவங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல. அதான் தொணைக்கு வந்தேன்."

சொல்லிய பிறகு அந்த அம்மாளுக்குச் சமமாகப் பலகையில் உட்கார்ந்திருப்பது சரியாகப் படவில்லை. மெல்ல நழுவிக் கீழே டிரங்குப் பெட்டியோரம் உட்கார்ந்தாள். மாயா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். சின்னத்தாயி அதை விடுவித்துக்கொண்டாள்.

ஷிமோகா தாண்டியதும் மழை பிடித்தது. பாக்குத் தோப்புகள் போய் மூங்கில் காடு வந்தது. வண்டிப் புகை மேலே போக வழியில்லாமல் மரங்களுக்குள்ளேயே தங்கியது. தண்டவாளத்தை ஒட்டிச் செந்நிறத் தண்ணீர் ஓடியது. பெட்டியில் இருந்தவர்கள் ஜன்னலுக்கு ஜன்னல் எட்டிப் பார்த்தார்கள். தரையில் உட்கார்ந்திருந்த சின்னத்தாயிக்குத் திறந்த கதவு வழியாகக் காட்டின் அடிப்பகுதி மட்டும் தெரிந்தது. இலை மேல் இலையாக, முழங்கால் உயரத்துக்குச் சருகு. யாரும் கூட்ட வேண்டியதில்லை, யாரும் வந்து ஏன் கூட்டவில்லை என்று கேட்கப் போவதுமில்லை. அதைப் பார்த்தபடி கொஞ்சம் கண் அசந்தாள்.

விழித்தபோது அலர்மேல்மங்கை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன்னை எங்கேயோ பார்த்திருக்கிறேனே, எங்கள் பிறந்தகம் மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ், அந்தப் பக்கம் வருவாயா என்று கேட்டாள். அந்தத் தெருவைத்தான் சின்னத்தாயி வருஷக்கணக்காகக் கூட்டுகிறாள். என்னைப் போல ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மாள் அதோடு விட்டுவிட்டாள். தங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை சும்மா கிடக்கிறது, டீச்சர் அங்கேயே இருக்கலாம் என்றாள்.

சாகரில் வண்டி நின்றபோது அலர்மேல்மங்கை தெரிந்தவர்களோடு பேச இறங்கினாள். மாயா அம்மாவின் அருகே குனிந்தாள்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"நான் நாளைக்கு ரயிலேறிப் பூடுவேன். நீ இங்க இருக்கணும். பேசாம இரு."

அந்த அம்மாள் திரும்பி ஏறியதும் மாயா நிமிர்ந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் தாளகுப்பாவில் சின்னத்தாயிக்கு அந்த அம்மாள் வீட்டுப் பின்கட்டு வாசலில் ஓர் அலுமினிய டம்ளரில் காப்பி வந்தது. குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்து வைக்கச் சொன்னார்கள். அப்படியே செய்தாள். கூடத்தில் மாயாவுக்கு வைத்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது. பின்னறையைப் பெருக்கி, மகளுக்குப் படுக்கை விரித்து, தான் விறகுக் கொட்டகையில் படுத்தாள். மறுநாள் ஸ்டேஷனில் மகள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அழுவதற்குக்கூட உடம்பில் தெம்பில்லை. இரண்டு ராத்திரியாகத் தூங்காதவள், பீரூரில் வண்டி மாறியது தவிர ஊர் வரும்வரை உட்கார்ந்தபடியே தூங்கினாள். போகும்போது பார்த்த காடு எதையும் திரும்பும்போது பார்க்கவில்லை.

தசரா லீவுக்கு மாயா வந்தாள். சோறு தின்றுகொண்டிருக்கும்போது, தான் இப்போது அந்த வீட்டில் இல்லை என்று சொன்னாள்.

"ஒரு நாள் சொல்லிட்டேம்மா. அன்னிக்கு வந்தது எங்கம்மாதான், உங்கம்மா வீட்டுத் தெருவ கூட்டறவங்கதான்னு."

அந்த அம்மாள் ஒரு சுடுசொல்கூடச் சொல்லவில்லையாம். சில நாள் கழித்து, தம்பி மகன் வரப்போகிறான், அறை வேண்டும் என்றாளாம். ஆஸ்பத்திரி நர்ஸ் மௌரீன் தன் குவார்ட்டர்ஸில் ஒரு பாதியை ஒழித்துக் கொடுத்திருக்கிறாள்.

சின்னத்தாயிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவ்வளவு தூரம் தரையில் உட்கார்ந்து போனது எதற்கு, கொட்டகையில் கிடந்தது எதற்கு என்று கத்தினாள். ஒரு பொட்டலம் மாதிரி மகளைப் பத்திரமாக வைத்துவிட்டு வந்தால், அது தானே கட்டை அவிழ்த்துக்கொண்டதே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"எனக்கு மூச்சு முட்டிச்சும்மா. அவங்க உன்னப் பத்தி நல்லா விசாரிப்பாங்க. வேலைக்காரி ஊர் போய்ச் சேந்தாளான்னு கேப்பாங்க. நான் சேந்தாங்கன்னு சொல்வேன். எத்தனை நாளு அப்படிச் சொல்ல?"

சின்னத்தாயிக்கு விடிந்தால் வேலை. மகள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுவிட்டு, சுவரோரம் போய்ப் படுத்தாள்.

மாயா அங்கே ஆறு வருஷம் இருந்தாள். மௌரீனோடு ஒருமுறை அருவிக்கும் போய்வந்தாள். அதைப் பார்க்க வா என்று ஒவ்வொரு லீவுக்கும் கூப்பிட்டாள். கால் வலி என்றே சின்னத்தாயி சொல்லி வந்தாள். கால் வலி மெய்தான். மகளுக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே யஷ்வந்த்பூர் பள்ளிக்கு மாற்றல் கிடைத்த வருஷம், முட்டி மடங்காமல் போய், துடைப்பத்தைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தாள்.