நாற்காலி கேட்டவளின் புழுக்கள்

செல்லப்பிராணிக் கடையில் பத்து மணி நேரம் நின்றபடியே பில் போட்டவள், உட்கார ஒரு ஸ்டூல் கேட்டாள். மறுநாள் வேலை போயிற்று. கிளம்பும்போது, குப்பைக்குப் போகவிருந்த ஒரு டப்பா மாவுப்புழுவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பறவைகளுக்கும் மீன்களுக்கும் தீனியாகும் புழு. இன்று அந்தக் கடையே அவளிடம்தான் புழு வாங்குகிறது.

படுக்கையறையில் பதினாறு பிளாஸ்டிக் ட்ரே. ஒவ்வொன்றிலும் கோதுமைத் தவிடு, மேலே கேரட் துண்டுகள். காலையில் பல் துலக்கியதும் கூட்டுப்புழுக்களைப் பொறுக்கித் தனி ட்ரேக்கு மாற்றுவாள். அவற்றுக்கு ஓடத் தெரியாது, வாலை ஆட்டத்தான் தெரியும். விட்டுவைத்தால் கூடப் பிறந்தவையே கடித்துத் தின்றுவிடும்.

குடியிருப்பில் அவள் பெயர் ‘புழுக்காரி’. “பால்காரரைப் பால்காரர்னு கூப்பிடறாங்க. எனக்கு மட்டும் என்ன வலிக்குது?” என்பாள்.

ஒருநாள் மேல்வீட்டுக் குழந்தையின் பால் பவுடரில் புழு நெளிந்தது. அவ்வளவுதான், குடியிருப்போர் சங்கச் செயலாளர் கார் நிறுத்தத்தில் கூட்டம் போட்டுவிட்டார். புழு போக வேண்டும், இல்லையென்றால் அவள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ட்ரேயைத் தூக்கிக்கொண்டு வந்தவள், மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“உன்னை யாரும்மா உட்காரச் சொன்னது?” என்றார் செயலாளர்.

“யாரும் சொல்லல சார். அதான் நானே போட்டுக்கிட்டேன்.”

ஆதாரமாகக் கொண்டுவந்திருந்த பவுடர் டின்னிலிருந்த புழுவைக் காகிதத்தில் தட்டினாள். பக்கத்தில் தன் புழு ஒன்றை வைத்தாள். “இது நூல் விடுது பாருங்க. அந்துப்பூச்சியோட புழு. சுவரெல்லாம் ஏறும். என்னோடது வழுவழு பிளாஸ்டிக்ல ஒரு அங்குலம்கூட ஏறாது. நம்ப வேண்டாம், உட்கார்ந்து பாருங்க.”

அரை மணி நேரம் பார்த்தார்கள். ஒன்றுகூட ஏறவில்லை.

“புழு புழுதாம்மா. வீட்டுல வெச்சுக்கற சமாச்சாரமா இது?” என்று செயலாளர் தன் பட்டுச் சட்டையைத் தடவினார்.

“அந்தப் பட்டும் ஒரு புழு கட்டின வீடுதான் சார். அதை வெந்நீர்ல போட்டுட்டு நீங்க போட்டிருக்கீங்க.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கூட்டம் கலைந்தது.

வீட்டுக்கு வந்து ட்ரேக்களுக்குத் தவிடு போட மூட்டையைத் திறந்தாள். ஓரமெல்லாம் நூலாம்படை. இரண்டு அந்துப்பூச்சிகள் முகத்தில் மோதிப் பறந்தன. புதுத் தவிட்டை நான்கு நாள் ஃப்ரீசரில் உறையவைத்த பிறகே வெளியில் வைக்க வேண்டும், அப்போதுதான் அதிலிருக்கும் அந்துப்பூச்சி முட்டைகள் சாகும். போன மாதம் ஃப்ரீசர் பழுது. ஒரு தடவைதானே என்று அப்படியே வைத்துவிட்டாள்.

கூடவே குடியிருந்த தங்கை கதவைச் சாத்தினாள். “அக்கா, வாயைத் திறக்காதே. ஜெயிச்சாச்சு.”

“ஆதாரம் காட்டித்தானே ஜெயிச்சேன்? இதுவும் ஆதாரம்தான்டி.”

மறுநாள் காலை செயலாளரையும் கூட்டிக்கொண்டு மேல்வீட்டுக் கதவைத் தட்டினாள். ஒரு கையில் நூலாம்படை படிந்த தவிடு, மறு கையில் புது பால் பவுடர் டின். நடந்ததைச் சொன்னாள்.

குழந்தையின் அம்மாவுக்கு முகம் சிவந்தது. “பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா?”

“ஆகலங்க. ஆனா நீங்க கேக்கறது நியாயம். அதனாலதான் சொல்ல வந்தேன்.”

அந்தப் பெண் சிரிக்கவில்லை. டின்னை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

செயலாளருக்கோ வாயெல்லாம் பல். “ஒத்துக்கிட்டே இல்ல? காலி பண்ணு.”

“தவிட்டை உறைய வைக்காதது தப்பு. மூட்டையைக் கொளுத்திட்டேன், ஃப்ரீசரையும் ஏற்கெனவே சரிபண்ணிட்டேன். புழு வளர்க்கறது தப்பில்ல, அதுக்காகப் போகமாட்டேன். போகணும்னா எழுதிக் குடுங்க சார், காரணத்தோட. பார்க்க அருவருப்பா இருக்குங்கறதுதான் காரணம்னா, அதையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

கடிதம் இன்றுவரை வரவில்லை. வந்தால் உட்கார்ந்து பதில் எழுத, ட்ரேக்களுக்கு நடுவே ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறாள்.